குருவிக்கு வைத்த தண்ணீர்



போன மாதம் ஒரு காலை. வீடு வீடாகக் கொசுப்புழு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் ஒருவர் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். ஐம்பதைத் தொட்ட அம்மா. கையில் டார்ச் லைட். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மூலையில் கிடந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தார். கைப்பிடிச் சுவரோரம் இருந்த மண்சட்டியின் பக்கம் அவர் நகர்ந்தபோது, "அது குருவிக்கு வெச்சதும்மா" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள் என்று இதே பக்கத்தில் உங்களிடம் கேட்டுக்கொண்டவன் ஆயிற்றே!

அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, "குருவிக்கு வெச்சீங்களா சார், கொசுவுக்கு வெச்சீங்களா?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் நான் ஊரில் இல்லாததன் பலன் சட்டிக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. அவசரமாகத் தூக்கி, மழைநீர்க் குழாயின் வாயில் சாய்க்கப் போனேன். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "சாக்கடைப் பக்கம் ஊத்தாதீங்க. அங்க போய்ப் பொழச்சுக்கும்." சட்டியை வாங்கி, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த தளத்தின் மேல் கவிழ்த்தார். சற்று நேரத்தில் ஈரமும் இல்லை, புழுவும் இல்லை.

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. பறவைக்கும் கொசுவுக்கும் நமக்கும் இடையே நூற்றாண்டு கடந்த ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்தப் பேரேட்டைப் புரட்டினால், நம் பெயருக்கு நேராகப் பற்று நிறைய இருக்கிறது. வரவு வைத்தது மிகக் குறைவு. இந்த மாதம் அந்தக் கணக்கைத்தான் உங்களோடு பார்க்க விரும்புகிறேன்.

பறவைகளுக்கும் மலேரியா வரும். பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். மனிதனின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியை லாவெரான் 1880-இல் அல்ஜீரியாவில் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே கார்கிவ் நகரில் டானிலெவ்ஸ்கி என்ற அறிஞர் பறவைகளின் ரத்தத்தில் அதன் உறவுக்காரர்களைக் கண்டார். இத்தாலியின் கிராஸியும் ஃபெலெட்டியும் 1891-இல் விவரித்த ஒன்றுக்கு இன்று பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்று பெயர். பறவை மலேரியாக்களில் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். இது மனிதர்களுக்கு வராது. மாடியில் வந்து உட்காரும் காக்கையிடமிருந்தோ புறாவிடமிருந்தோ நமக்கு மலேரியா தொற்றுவதில்லை. நம் மலேரியாவைச் சுமப்பது அனாஃபிலிஸ் கொசு. பறவை மலேரியாவைப் பெரும்பாலும் சுமப்பது கியூலெக்ஸ் கொசு. வீடுகள் வேறு, வண்டிகள் வேறு. ஆனால் பயணம் ஏறக்குறைய ஒன்றேதான். கொசுவின் எச்சிலோடு கிருமி உடலுக்குள் இறங்குகிறது. நம் உடலில் அது முதலில் கல்லீரலுக்குப் போகும். பறவையில் தோலிலும், பிறகு மண்ணீரல், நுரையீரல், மூளை என்று பல உறுப்புகளின் செல்களிலும் தங்கிப் பெருகும். அதன் பின் சிவப்பணுக்களுக்குள் நுழைந்து அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பறவையின் சிவப்பணுவில் நம்முடையதில் இல்லாத உட்கரு ஒன்று உண்டு. ரெலிக்டம் வளர வளர அந்த உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரைத் திண்ணைக்குத் தள்ளுவதுபோல. ரத்தம் வற்றிய பறவை சிறகைச் சிலுப்பிக்கொண்டு, ஒடுங்கி உட்கார்ந்திருக்கும்.

ஆனால் எல்லாப் பறவையும் சாவதில்லை. இந்தக் கிருமியோடு காலங்காலமாக வாழ்ந்த இனங்களுக்கு அது பழகிப்போன தொல்லை. சில நாள் படுத்து எழும்; பிறகு கொஞ்சம் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும். இந்தப் பழக்கம் இல்லாத பறவைக்குத்தான் ஆபத்து. குளிர்க்கடலிலிருந்து வந்து உயிரியல் பூங்காக்களில் வாழும் பென்குயின்கள் பறவை மலேரியாவில் மளமளவென்று சாவது இதனால்தான்.

இனி நம் பற்றுக் கணக்கு. முதல் வரியில் இருப்பவை கல்கத்தாவின் சிட்டுக்குருவிகள்.

ரொனால்ட் ராஸ் அல்மோராவில் பிறந்தவர். மெட்ராஸ் மாகாணத்தின் மருத்துவப் பணியில் இருந்தவர். மலேரியாவைத் தேடி ஊட்டிக்குக் கீழே சீகூர் மலைச்சரிவுக்குப் போய், அங்கே தானே காய்ச்சலில் விழுந்து எழுந்தவர். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்த நோயாளிக்குக் கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி. இன்றும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள்.

ஆனால் கதை பாதியில் நின்றது. கொசுவின் வயிற்றுக்குப் போன கிருமி அங்கிருந்து அடுத்த மனிதனுக்கு எப்படிப் போகிறது? அதைக் கண்டுபிடிப்பதற்குள் மேலிடம் அவரை ராஜஸ்தானத்துக்கு மாற்றிவிட்டது. பிறகு 1898-இல் கல்கத்தா. அங்கே பிளேக் பீதி. ஊசியோடு வரும் டாக்டர் என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். மனிதர் கிடைக்காததால் ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். உதவியாளர் முகமது பக்ஸோடு சேர்ந்து சிட்டுக்குருவி, வானம்பாடி, புறா, காக்கை என்று பிடித்துக் கூண்டில் அடைத்தார். கொசுக்களை அவற்றின் மேல் விட்டார். பிறகு ஒவ்வொரு கொசுவாக அறுத்துப் பார்த்தார். விசிறிக் காற்றில் கொசுவின் துண்டு பறந்துவிடும் என்பதால் அவருடைய ஆய்வில் எவ்வளவு புழுக்கத்திலும் விசிறி கிடையாது.

1898 ஜூலையில் விடை கிடைத்தது. கிருமி கொசுவின் வயிற்றுச் சுவரில் முடிச்சாக வளர்ந்து, வெடித்து, மெல்லிய இழைகளாகப் பிரிந்து, கொசுவின் எச்சில் சுரப்பியில் போய்ச் சேருகிறது. அடுத்த கடியில் எச்சிலோடு இறங்குகிறது. இதை உறுதிசெய்ய, நோயற்ற 28 குருவிகளைக் கொசுக்கடிக்கு விட்டார் ராஸ். 22 குருவிகளுக்கு மலேரியா வந்தது. மலேரியா கெட்ட காற்றால் வருவதில்லை, கெட்ட தண்ணீரால் வருவதில்லை, கொசுக்கடியால் வருகிறது என்று முதலில் முழுச் சுற்றாகத் தெரிந்தது அந்தக் குருவிகளின் ரத்தத்தில். அதே ஆண்டின் பிற்பகுதியில் மனிதரிலும் அதுதான் நடக்கிறது என்று கிராஸியும் அவருடைய தோழர்களும் இத்தாலியில் காட்டினார்கள். ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு வந்தது. ஹுசேன் கானுக்கு அணாக்கள் கிடைத்தன. குருவிகளுக்கு அந்த ஓர் அணாவும் இல்லை.

இரண்டாம் வரியில் மாத்திரைகள். 1920-களில் ஜெர்மனியின் பேயர் ஆய்வுக்கூடத்தில், மலேரியா ஏற்றிய கேனரிக் குருவிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார் ரோல். அப்படித் தேர்ந்தது பமாகுயின். அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்ததுதான் பிரைமாகுயின். வைவாக்ஸ் மலேரியா வந்தவருக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 நாள் விடாமல் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதே மாத்திரை.

மூன்றாம் வரி, இலங்கைக் கோழி. 1934-35-இல் அந்தத் தீவில் வந்த மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதே 1935-இல், இலங்கைக் கோழிகளின் ரத்தத்தில் இருந்த வேறொரு மலேரியாக் கிருமியை பிரெஞ்சு அறிஞர் பிரம்ப்ட் விவரித்தார். பிளாஸ்மோடியம் கலினேசியம் என்று பெயர். கோழிக்குஞ்சு எந்த ஆய்வுக்கூடத்திலும் வளரும். ஆகவே கிருமியும் வளர்ந்தது. மலேரியாக் கிருமி ரத்தத்தில் இல்லாதபோது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அன்று பெரிய புதிர். 1937-இல் ஜேம்ஸும் டேட்டும் கோழிக்குஞ்சின் ரத்தநாளச் சுவர்களில் அந்த ஒளிவிடத்தைக் கண்டார்கள். மனிதரில் அது கல்லீரல் என்று தெரிய 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் உருவான புரோகுவானில் மருந்தும் இதே கோழிக்குஞ்சுகளில் தேறி வந்ததுதான்.

இவ்வளவும் நாம் வாங்கியது. கொடுத்தது என்ன? அதைப் பார்க்கப் பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகளுக்குப் போக வேண்டும்.

பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆசியாவிலிருந்து தானியம் கொத்தும் ஒரு சிறு குருவிக் கூட்டம் எப்படியோ கடல் தாண்டி அந்தத் தீவுகளை அடைந்தது. அதிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் கிளைத்தன. தேன்கொடிப் பறவைகள் என்று நாம் சொல்லலாம். ஒன்று கிளிபோல் மரப்பட்டையைப் பிளக்கும். ஒன்று பூவுக்குள் அலகை விட்டுத் தேன் குடிக்கும். ஒன்று கிளையைத் தட்டிப் புழு எடுக்கும். ஈஈவி என்றொரு பறவையின் உடல் செக்கச்சிவப்பு. அரிவாள்போல் வளைந்த அலகு. நம் நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒஹியா மரங்களில், குஞ்சம் குஞ்சமாகப் பூத்த சிவப்புப் பூக்களுக்கு நடுவே அது உட்கார்ந்தால் எது பூ, எது பறவை என்று தெரியாது. அந்தச் சிறகுகளால்தான் ஹவாயின் தலைவர்கள் மேலங்கி நெய்துகொண்டார்கள்.

அந்தத் தீவுகளில் கொசுவே கிடையாது. 1826 வரை.

அந்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து வெலிங்டன் என்ற கப்பல் மாவி தீவின் லஹைனாத் துறைக்கு வந்தது. 2023-இல் தீயில் எரிந்துபோன அதே லஹைனா. மாலுமிகள் குடிநீர்ப் பீப்பாய்களை நிரப்பக் கரையிறங்கினார்கள். அடியில் மிச்சமிருந்த பழைய தண்ணீரை ஓடையில் கொட்டிக் கழுவினார்கள். அந்தத் தண்ணீரில் கொசுப்புழுக்கள் இருந்தன. வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இது. கொஞ்ச காலத்தில் ஊர்க்காரர்கள் அங்கிருந்த பாதிரிமார்களிடம் வந்து முறையிட்டார்கள்: காதுக்குள் பாடும் புதுவிதமான ஈ ஒன்று வந்திருக்கிறது என்று.

அந்தக் கொசு வேறெதுவும் இல்லை; கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ். கல்கத்தாவில் ராஸின் குருவிகளைக் கடித்த சாம்பல் கொசுவும் இதுதான். கூவம் கரையில் பிறந்து, இரவில் நம் காதோரம் பாடி, யானைக்கால் நோயைப் பரப்பியதும் இதுதான். நமக்கு இதைவிட நெருங்கிய கொசு கிடையாது.

கொசு மட்டும் வந்தால் வண்டி மட்டும் வந்த மாதிரி, பயணி வரவில்லை. பயணியையும் நாமே அழைத்துப் போனோம். கூண்டுப் பறவைகளாகவும் வேட்டைப் பறவைகளாகவும் அயல் இனங்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். கரும்புக் கொல்லையின் புழுவை ஒழிக்க இந்தியாவிலிருந்து மைனாவைக்கூட 1865-இல் கொண்டுபோனார்கள். இப்படி வந்த பறவைகள் ஏதோ ஒன்றின் ரத்தத்தில் ரெலிக்டமும் வந்து இறங்கியது. எண்ணற்ற தலைமுறைகளாகக் கொசுவையே பார்த்திராத ஹவாய்ப் பறவைகள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் விழுந்தன. பறவை அம்மையும் கூடச் சேர்ந்துகொண்டது. சமவெளிகள் ஊமையாயின. பாட்டு இல்லாத பள்ளத்தாக்குகளைப் பார்த்து வருந்தியவர்கள் 1930-இல் ஒரு சங்கம் அமைத்து, வெளிநாட்டிலிருந்து மேலும் பாட்டுப் பறவைகளை வரவழைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். நான் மாடியில் சட்டி வைத்ததும் நல்ல எண்ணத்தில்தான்.

கொலைகாரன் யார் என்று தெளிவாகக் காட்டியவர் ரிச்சர்ட் வார்னர். கொசு இல்லாத லேசான் தீவின் குருவிகளைக் கொண்டுவந்து கூண்டில் வைத்தார். துணி போர்த்திக் கொசு அண்டாமல் காத்தவரை அவை பிழைத்தன. கொசுக்கடிக்கு ஆளானவை செத்தன. 1968-இல் அதை எழுதினார். பின்னால் நடந்த சோதனைகளில், கிருமி சுமந்த கொசு ஒரே ஒரு முறை கடித்தாலே பத்து ஈஈவிகளில் ஒன்பது செத்துப்போகும் என்று தெரிந்தது. இன்று அந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் மிஞ்சியவை 17.

மிஞ்சியவையும் குளிரின் தயவில் பிழைத்தவை. கொசுவின் உடலில் ரெலிக்டம் முதிர்வதற்கு வெப்பம் வேண்டும். சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆகவே சுமார் 1,500 மீட்டருக்கு மேல், நம் ஏற்காடு அளவு உயரத்துக்கு மேல், பறவைகளுக்கு ஒரு புகலிடம் இருந்தது. பூமி சூடாக ஆகக் கொசு ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறது, பறவைகளும் ஏறுகின்றன. காவாய் தீவின் சிகரமே 1,600 மீட்டரைத் தொடாது. அதற்கு மேல் ஏற மலை இல்லை. அந்தத் தீவின் அகிகிகி என்ற சாம்பல் நிறச் சிட்டு, காட்டில் இருக்கிறது என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. காப்பகக் கூண்டுகளில்தான் அதன் வம்சம் நிற்கிறது. காட்டுக்குள் திரியும் பன்றிகளும் தம் பங்குக்கு உதவுகின்றன. மரப்பெரணிகளின் தண்டைக் குடைந்து மாவைத் தின்றுவிட்டுப் போகின்றன, அந்தக் குழியில் மழைநீர் நிற்கிறது, அதில் கொசுப்புழு. அங்கேயும் ஒரு சட்டி!

மாவி தீவில் கிவிகியு என்றொரு பறவை உண்டு. 2019 அக்டோபரில், அதற்கு இரண்டாவது வீடு அமைக்கும் ஆசையில் 14 பறவைகளைப் புதிய காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பல ஆண்டுகள் பாடுபட்டு மரம் நட்டு மீட்டெடுத்த காடு அது. சில வாரங்களுக்குள் மலேரியாவில் ஒவ்வொன்றாகப் போயின. எல்லாம் போயின என்றே நினைத்தார்கள். 2021 ஜூலையில் அந்தக் காட்டில் ஒரு குரல் கேட்டது. பதினான்கில் ஒன்று உயிரோடு இருந்தது. அமகிஹி என்ற இனத்திலும், தாழ்வான காடுகளில் வாழும் பறவைகள் மலேரியாவைத் தாங்கப் பழகியிருக்கின்றன. ஆனால் எல்லா இனத்துக்கும் அந்த அவகாசம் கிடையாது. 2023-இல் அமெரிக்க அரசு அழிந்துபோனவை என்று அறிவித்த பட்டியலில் எட்டு ஹவாய்ப் பறவைகள் இருந்தன.

இப்போதுதான், பேரேட்டின் வரவுப் பக்கத்தில் முதல்முறையாக ஒரு வரி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். 2023-இன் இறுதியிலிருந்து மாவியின் காடுகளில் ஆண் கொசுக்களை லட்சக்கணக்கில் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. இந்த ஆண்களின் உடலில், அந்தக் காட்டுப் பெண் கொசுக்களில் இருப்பதற்கு ஒத்துவராத வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் இருக்கும். இவற்றோடு கூடிய பெண் இடும் முட்டை பொரிக்காது. மருந்து அடிக்காமல், வேறு பூச்சியைத் தொடாமல், கொசுவைக் கொண்டே கொசுவைக் குறைக்கும் வழி. பிறகு காவாயிலும் தொடங்கினார்கள். சாலை இல்லாத மலைகளுக்கு ஹெலிகாப்டரிலும் ட்ரோனிலும் கொசுக்களைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். கொசுவுக்கு இப்படி ஒரு ராஜ மரியாதையா என்று சிரிப்பு வரலாம்.

இந்த யோசனை நமக்கு அந்நியமானதும் இல்லை. பர்மாவில் ரங்கூனை அடுத்த ஓக்போ கிராமத்தில் 1967-இல் லாவென் என்ற ஜெர்மானிய அறிஞர் இதே முறையில், இதே கியூலெக்ஸ் கொசுவை அந்த ஊரிலிருந்து ஒழித்துக் காட்டினார். புதுச்சேரியில் உள்ள கொசு ஆய்வு மையம், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவில் வோல்பாக்கியாவை ஏற்றி வளர்த்ததை 2022-இல் அறிவித்தது. அது வேறு கொசு, வேறு உத்தி. கருவி மட்டும் ஒன்று.

ஹவாய்க்கு நாம் போய்ச் செய்ய ஒன்றும் இல்லை. நம்மால் முடிந்தது நம் மொட்டை மாடியோடு நிற்கிறது. பறவைக்குத் தண்ணீர் வைப்பதை விட்டுவிடாதீர்கள், வெயில் தகிக்கிறது. அகலமான, ஆழம் குறைந்த சட்டியாகப் பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்; தேங்காய் நாரால் சுற்றிலும் தேய்த்துவிடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் இல்லையென்றால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

பழைய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதை மட்டும் அந்த அம்மா சொன்னபடியே செய்யுங்கள். லஹைனாவில் அன்று அந்தப் பீப்பாயை ஓடைக்கு உருட்டாமல், பத்தடி தள்ளிச் சுடுமணலில் கவிழ்த்திருக்கலாம். செய்தவருக்கு அதில் கூடுதல் வேலையும் இல்லை. சொல்லித்தர ஒருவர்தான் கூட இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்